ஆன்லைன் கவுன்சலிங் நமக்குச் சரிப்படுமா? வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆனாலும் ராணிப்பேட்டைக்காரரும் திருப்பத்தூர்க்காரரும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இன்றும் வேலூருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். மூட்டு வலிக்கு வருவோம், சர்க்கரைக்கு வருவோம், கண்ணுக்கு வருவோம். மனசு சரியில்லை என்றால் மட்டும் கால் நகராது. சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957-லிருந்து வேலூரை ஒட்டிய பாகாயத்தில் இருக்கிறது, மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி அங்கே வருகிறார்கள், ஆனால் சத்துவாச்சாரியில் இருக்கிறவர் டவுன் பஸ்ஸில் பாகாயம் இறங்கினால் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று யோசித்து யோசித்தே ஒரு வருஷத்தைத் தள்ளிவிடுவார். அப்புறம் ஒரு ராத்திரி போனில் ஏதோ ஒரு விளம்பரம் கண்ணில் படும்: வீட்டிலிருந்தே கவுன்சலிங், முதல் பேச்சு பாதி விலை.

அந்த விளம்பரத்தைத் தொடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியவை சில உண்டு. என் அனுபவத்தில், வரிசை முக்கியம்: முதலில் என்ன பிரச்சினை, அடுத்து எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள், அதற்கடுத்து யாரோடு பேசுவீர்கள். எந்த ஆப், எவ்வளவு பணம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் போகிறார்கள், ஆப்பில் ஆரம்பித்து, பணம் கட்டி, பேச உட்காரும்போதுதான் வீட்டில் கதவு சாத்தக்கூடிய அறையே இல்லை என்று தெரிகிறது.

இப்போதே தாங்க முடியவில்லை என்றால்

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்க வேண்டாம். 14416-க்கு அடியுங்கள். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிற டெலி-மானஸ் என்ற அரசு சேவை அது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது, காசு கிடையாது, ராத்திரி எத்தனை மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் ஸ்நேகாவின் எண் 044-24640050. எதையாவது விழுங்கிவிட்டீர்கள், அல்லது வீட்டில் யாராவது விழுங்கிவிட்டார்கள் என்றால் யோசனையே வேண்டாம், 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகாமல் இருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. உயிர்தான் முதலில்.

நாளைக்கு நேரம் குறித்து வைத்துப் பேசுகிற ஆன்லைன் கவுன்சலிங் இந்த மாதிரி நேரத்துக்கு ஆனது கிடையாது. எதிர்முனையில் இருப்பவர் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

பிரச்சினை எப்படிப்பட்டது

ஒரு காகிதத்தை எடுத்து, எனக்கு என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, அதனால் எது கெட்டுப்போகிறது என்று மூன்று வரி எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். ‘ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருது, பொங்கலுக்கு அப்புறம் இப்படித்தான், கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ரெண்டு தடவை திட்டிவிட்டார்’ என்றால் போதும். இந்தக் காகிதம் பிறகும் உதவும்.

ஆன்லைனில் பேசிச் சரிசெய்து கொள்ளக்கூடியவை நிறையவே இருக்கின்றன. வேலை இடத்து நெருக்கடி, பரீட்சை பயம், நாலு பேர் முன்னால் பேச வராமல் படபடப்பது, காதல் முறிவு, கல்யாணப் பேச்சில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுவது, துபாயிலோ சவூதியிலோ இருக்கும் கணவனோடு போனிலேயே குடும்பம் நடத்துகிற களைப்பு, அப்பா போன பிறகு எதிலும் ஒட்டாமல் இருப்பது. மிதமான மனச்சோர்வு, பதற்றம் இவற்றுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் முறையாக நடத்தும் ஆன்லைன் சிகிச்சை நேரில் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஈடாகவே பலன் தருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே ‘போன்லே பேசி என்ன ஆகப்போகுது’ என்று சொல்கிற மாமாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

நேரில்தான் போக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன், அப்படிச் சிலது உண்டு. காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் சேர்ந்து தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று தோன்றுகிறது. நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், கையில் இருக்கும் காசையெல்லாம் செலவழித்துக்கொண்டு, பேச்சு நிற்காமல் ஓடுகிறது. சாப்பாடு இறங்குவதே இல்லை. பிள்ளை பெற்ற சில வாரங்களில் தாய்க்குக் குழப்பமும், குழந்தையைப் பற்றிப் பயங்கரமான எண்ணங்களும் வருகின்றன. இவற்றுக்கு முதல் படி மனநல மருத்துவர், நேரில், முடிந்தால் இன்றே.

குடியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பெண்கள் கவுன்சலிங் தேடுவதற்குப் பாதிக் காரணம் வீட்டு ஆண் குடிப்பதுதான். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சாமிக்கு மாலை போட்டு ஒரே நாளில் விடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அவரை ஆன்லைன் கவுன்சலர் முன்னால் உட்கார வைத்து ‘இவருக்கு நல்ல புத்தி சொல்லுங்க’ என்பது உதவாது. முதலில் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும், மறுபடி தொடாமல் இருப்பதற்கான பேச்சு அதற்குப் பிறகு. ஆனால் குடிக்கிறவரின் மனைவி, அம்மா, மகள் தங்களுக்காகப் பேச ஆன்லைன் நன்றாகவே உதவும். குடிப்பவர் ஒத்துக்கொள்ளும்வரை இவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, யாரும் சொல்லித் தருவதில்லை. மாசக்கணக்கில் சோர்வு, எதிலும் பிடிப்பில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் கவுன்சலருக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு எல்லாமே மனச்சோர்வு மாதிரி வேஷம் போடும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாலே என்ன டெஸ்ட் வேண்டும் என்று எழுதித் தருவார்கள்.

எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள்

இதில்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு பேச்சு சாதாரணமாக 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் ஓடும். அவ்வளவு நேரம் யாரும் கதவைத் தட்டாத, நீங்கள் பேசுவது யார் காதிலும் விழாத இடம் வாரம் ஒருமுறை கிடைக்குமா? கொசப்பேட்டையிலோ சைதாப்பேட்டையிலோ ஒட்டிக்கொண்டிருக்கிற வீடுகளில் இந்தச் சுவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அடுப்படி. இயர்போன் போட்டுக்கொண்டால் கவுன்சலர் சொல்வது வெளியே கேட்காது, சரி, ஆனால் நீங்கள் சொல்வது கேட்குமே. சோதித்துப் பார்க்க ஒரு வழி: நீங்கள் பேசப்போகிற இடத்தில் போனில் பாட்டோ செய்தியோ உங்கள் பேச்சுக் குரலின் அளவுக்கு ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஹாலிலும் திண்ணையிலும் மாடிப்படியிலும் போய் நின்று கேளுங்கள். ஃபேன் ஓடும்போது ஒருதடவை, நிறுத்தியபின் ஒருதடவை. வார்த்தை புரிகிறதென்றால் அந்த இடம் ஆகாது.

சீரியல் நேரத்தைக் குறைத்து எண்ணாதீர்கள். ஹாலில் டிவி அலறிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளறையில் நீங்கள் என்ன பேசினாலும் யாருக்கும் விழாது, மாமியாரும் எழுந்து வரமாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மாமியாருக்குப் பிடித்த சீரியலின் நேரத்தை வைத்துத்தான் கவுன்சலரிடமே நேரம் வாங்கினார். மொட்டைமாடி நல்ல இடம், ஆனால் வேலூர் வெயிலுக்கு ஏப்ரல் மே மாசத்தில் பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆனாலும் தரை காலைச் சுடும், அப்புறம் குளிர ஆரம்பிக்கும்போது பாயைத் தூக்கிக்கொண்டு எல்லா வீட்டுக்காரர்களும் மேலே வந்துவிடுவார்கள். கோட்டைப் பூங்கா, பாலாற்றுக் கரை என்று போய் உட்கார்ந்து குரலில் மட்டும் பேசுகிறவர்களும் உண்டு. நடந்துகொண்டே பேசினால் சிலருக்குப் பேச்சு நன்றாக வருகிறது, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அழுகை வந்தால் அங்கே அழ முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள், தெரிந்தவர் எதிரே வந்து ‘என்னம்மா இங்கே’ என்றால் என்ன சொல்வீர்கள் என்றும்.

காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகளுக்கு அறைத்தோழர்கள் பிரச்சினை. உங்கள் கல்லூரியிலேயே கவுன்சலர் இருந்தால் அவர் அறையில் போய் உட்கார்வது ஆன்லைனைவிடச் சுலபமாக இருக்கலாம். அங்கே போவதுதான் கூச்சமாக இருக்கிறது என்றால், அறைத்தோழன் வகுப்புக்குப் போகிற ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடியுங்கள்.

போன் உங்களுடையதுதானா என்பதும் இதில் சேர்த்தி. குடும்பத்துக்கே ஒரு ஸ்மார்ட்போன், அல்லது கணவரோ அண்ணனோ எடுத்துப் பார்க்கிற போன் என்றால் ஆப்பின் அறிவிப்புகள் திரையில் வந்து நிற்கும், ஜிபேயில் யாருக்குப் பணம் போனது என்று பதிவாகும், வங்கி எஸ்.எம்.எஸ். யார் எண்ணுக்குப் போகிறதோ அவருக்குத் தெரியும். அறிவிப்பை அணைத்து வைக்கலாம், பணத்தை நம்பிக்கையான தோழி வழியாகக் கட்டலாம். வீட்டில் அடி உதை இருக்கிறது, அடிக்கிற ஆளும் அதே வீட்டில்தான் இருக்கிறார் என்றால் இப்படி ஒளித்து ஒளித்துச் செய்வதே ஆபத்தாக முடியலாம். அந்த நிலையில் முதல் அழைப்பு 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் போகட்டும். 18 வயதுக்குள் இருப்பவர் என்றால் 1098.

நெட் பற்றி ஒரே வார்த்தை: கரண்ட் போனால் வைஃபை போய்விடும், ஆகவே மொபைல் டேட்டாவும் வைத்திருங்கள், வீடியோ திணறினால் சாதாரண அழைப்புக்கு மாறிக்கொள்ளலாமா என்று முதல் நாளே கேட்டு வைத்துவிடுங்கள்.

இடமே கிடைக்கவில்லை என்றால்? அப்போது நேரில் போவதுதான் அந்தரங்கமானது. கேட்க வேடிக்கையாக இருக்கும், பஸ் ஸ்டாப்பில் யாராவது பார்ப்பார்களே என்று பயந்துதானே ஆன்லைனுக்கே வந்தோம் என்பீர்கள். ஆனால் ஆஸ்பத்திரி அறைக்குள் போய் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசுவது வெளியே போகாது. சி.எம்.சி.யின் வண்டிகளிலும் டவுன் பஸ்களிலும் பாகாயம் பக்கம் போகிறவர்களில் மாணவர், ஊழியர், வேறு நோயாளி என்று ஆயிரம் பேர், உங்களைத் தனியாகக் கண்டுபிடிக்க யாருக்கும் நேரமில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அப்படித்தான், அங்கே எதற்காக வந்தீர்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

யாரோடு பேசுவது

பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்பதைவிட அவர் எந்த வகை ஆள் என்று பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் படித்தவர், மாத்திரை எழுதக்கூடியவர். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதமாட்டார், பேச்சு வழியான சிகிச்சையும் பரிசோதனைகளும் செய்வார், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அந்தப் பதிவுக்கு ஒரு எண் உண்டு. அதை சி.ஆர்.ஆர். எண் என்பார்கள், கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். கவுன்சலர், தெரபிஸ்ட், கோச் என்று போட்டுக்கொள்கிறவர்களில் சைக்காலஜியோ சமூகப் பணியோ எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.எஸ்.டபிள்யூ. படித்துப் பயிற்சி பெற்ற நல்லவர்களும் இருக்கிறார்கள், வார இறுதியில் ஒரு சான்றிதழ் வகுப்பு போய்விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். போர்டு மாட்டிக்கொள்வதற்குப் பெரிய தடை இல்லாததால் இரண்டு பேருமே ஒரே ஆப்பில் ஒரே மாதிரி போட்டோவோடு சிரிப்பார்கள்.

அதனால் கேளுங்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், பதிவு எண் உண்டா, என்னைப் போன்ற பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, உங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கிற மூத்தவர் யாராவது இருக்கிறார்களா. கூச்சப்பட வேண்டாம், கல்யாணத்துக்குச் சமையல்காரர் பிடிக்கும்போது இதைவிட அதிகமாகக் கேட்கிறோம். ஒழுங்கான ஆள் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

மொழி ரொம்ப முக்கியம், படிப்புக்கு அடுத்து அதைத்தான் வைப்பேன். வேலையிடத்தில் ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களுக்குக்கூட அப்பாவைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம் கைகொடுக்காது. எங்கோ வடக்கே இருக்கிற ஒருவரிடம் சீர்வரிசை பாக்கி, முறைமாமன் கோபம், நாத்தனார் முடிச்சில் வந்த சண்டை எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கட்டியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது பேசுகிறவர்கள் உண்டு. வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அந்த மொழி தெரிந்தவரைத் தேடுங்கள். ஆன்லைனில் இருக்கிற பெரிய லாபமே இதுதான்: குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு மதுரையில் இருக்கிற தமிழ் ஆலோசகரோடு பேசலாம். சொந்த சாதி, சொந்த ஊர் ஆளாக இருந்துவிடுவாரோ என்று பயப்படுகிறவர்களுக்கும் இந்தத் தூரம் ஒரு நிம்மதி. பெண் ஆலோசகர்தான் வேண்டும் என்றால் அதையும் தயங்காமல் சொல்லிக் கேளுங்கள்.

ரகசியம்

மனநல மருத்துவரும் பதிவு பெற்ற சைக்காலஜிஸ்டும் நீங்கள் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது, 2017 சட்டமே அதைச் சொல்கிறது. கணவர் போன் செய்து ‘என் பொண்டாட்டி என்ன சொன்னா’ என்று கேட்டாலும் சொல்லக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்வார்கள். 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். நல்ல ஆலோசகர் இதை முதல் பேச்சிலேயே தானாகச் சொல்லிவிடுவார், சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

ஆள் வாயைத் திறக்காவிட்டாலும் ஆப் திறக்கலாம். பேச்சைப் பதிவு செய்கிறார்களா, எழுத்தில் பேசிய சாட் எவ்வளவு நாள் இருக்கும், கணக்கை அழித்தால் அதுவும் அழியுமா, விளம்பரக் கம்பெனிகளுக்கு எதையாவது கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கம்பெனி இலவசமாகத் தருகிற கவுன்சலிங் என்றால், எச்.ஆருக்கு என்ன அறிக்கை போகும் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

பணம்

ஒரு பேச்சுக்கு சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை வாங்குகிறார்கள். கட்டணம் அதிகம் என்பதால் மட்டும் ஆள் நல்லவர் ஆகிவிடமாட்டார். என் யோசனை, காசே கட்டாமல் ஆரம்பியுங்கள். மேலே சொன்ன 14416 உயிர் போகிற அவசரத்துக்கு மட்டுமான எண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தூக்கம் வரவில்லை, பரீட்சை பயம், வீட்டுச் சண்டை என்று எதற்கும் அடிக்கலாம், தேவையென்றால் பக்கத்து மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள். போனில் முகம் தெரியாத ஒருவரோடு பேசுவது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பத்துப் பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கலாம், மாத்திரையும் அங்கேயே இலவசம்.

ஆப்பில் கட்டுவதானால் ஒரு பேச்சுக்கு மட்டும் கட்டுங்கள். பத்துப் பேச்சு மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்பார்கள், மூன்று மாசச் சந்தா என்பார்கள். ஆளையே பிடிக்கவில்லை என்றால் பத்துப் பேச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா, நேரத்தை எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்ப வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஷூ கம்பெனியில் ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் ரொம்பப் பெரிசு, திடீரென்று ஓவர்டைம் போட்டுவிட்டால் பேச்சும் போச்சு, பணமும் போச்சு.

முதல் பேச்சு எப்படி இருக்கும்

பெரும்பாலும் கேள்விகள்தான். வீட்டில் யார் யார், தூக்கம் எப்படி, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முன்னால் இப்படி வந்ததுண்டா, செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பதற வேண்டாம், எல்லோரிடமும் கேட்பார்கள். முன்பு எழுதி வைத்த காகிதம் இங்கேதான் வேலைக்கு வரும், ஏனென்றால் ‘சொல்லுங்க’ என்றதும் பாதிப்பேருக்கு எதுவுமே நினைவுக்கு வராது. நீங்கள் இருக்கும் முகவரியையும் அவசரத்துக்கு ஒருவருடைய எண்ணையும் கேட்பார்கள். கேட்பது நல்லது, கேட்காதவர்மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நம் ஆட்கள் தீர்ப்பை எதிர்பார்த்துப் போகிறார்கள். ‘விவாகரத்து பண்ணலாமா வேண்டாமா, சொல்லிடுங்க மேடம்.’ அவர் சொல்லமாட்டார். திருப்பிக் கேட்பார், உங்களையே யோசிக்க வைப்பார், இதற்கா காசு என்று தோன்றும். முதல் நாள் பேசி முடித்த பிறகு லேசாக இருப்பதற்குப் பதிலாக இன்னும் கனமாக இருந்தாலும் அது வழக்கம்தான், அன்றைக்கு ராத்திரி பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று நான்கு பேச்சு வரை கொடுத்துப் பாருங்கள். அதற்குள் இந்த ஆள் என்னைக் கேட்கிறார், என் பிரச்சினை அவருக்குப் புரிகிறது, எங்கே போகிறோம் என்று எனக்கும் கொஞ்சம் தெரிகிறது என்ற எண்ணம் வர வேண்டும்.

காத்திருக்காமல் உடனே எழுந்து வந்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. டாக்டராக இல்லாமல் மாத்திரை பெயர் சொல்கிறார், அல்லது நீங்கள் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். ஜாதகம் கேட்கிறார், பரிகாரம் சொல்கிறார், தன் மதக் கூட்டத்துக்கு அழைக்கிறார். ஆறே பேச்சில் குணம், கேரண்டி என்கிறார். அடிக்கிற புருஷனோடு அனுசரித்துப் போகச் சொல்கிறார். ஆணும் ஆணும் காதலிப்பதை நோய் என்று சொல்லி மாற்றித் தருகிறேன் என்கிறார். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘தூங்கலையா’ என்று கேட்கிறார். இவற்றில் ஒன்று நடந்தாலும் போதும்.

மனிதருக்குப் பதிலாக ஏ.ஐ. சாட்பாட்டோடு பேசலாமா என்று இப்போது நிறையப் பிள்ளைகள் கேட்கிறார்கள். மனதில் இருப்பதைக் கொட்டி வரிசைப்படுத்திப் பார்க்க உதவலாம். நோயைக் கண்டுபிடிக்கவும், நெருக்கடி நேரத்துக்கும் அதை நம்பாதீர்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்

ஆன்லைனா நேரிலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முதல் தடவை நேரில் போய் டாக்டரைப் பார்த்து, என்ன நோய் என்று தெரிந்துகொண்டு, பிறகு வாரப் பேச்சுகளை வீட்டிலிருந்தே தொடர்வது பேரணாம்பட்டிலோ ஜவ்வாது மலைப் பக்கமோ இருக்கிறவருக்கு நல்ல ஏற்பாடு. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி டாக்டர்கள் வீடியோவில் பார்த்து மருந்துச்சீட்டு தரலாம், ஆனால் சில கட்டுப்பாட்டு மருந்துகளை அப்படி எழுதக் கூடாது. வீடியோவில் பார்த்த உடனே வேண்டிய தூக்க மாத்திரையை எழுதித் தருகிறேன் என்கிற இடத்தைவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நோய் கொஞ்சம் தீவிரமாக இருந்து வீட்டாரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் பாகாயத்தில் ஒரு வசதி உண்டு, நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே பல காலமாக இருக்கிற வழக்கம். திரையில் அது நடக்காது.

வீட்டில் சொல்வதா

18 வயதுக்கு மேல் என்றால் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. அதற்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள். ஆனால் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது, அது அண்ணியாக இருக்கலாம், கூட வேலை செய்கிறவராக இருக்கலாம். ‘எனக்குப் பைத்தியமா?’ என்று வீட்டில் கேட்டுச் சண்டை போடுகிற ஆளைக் கவுன்சலிங்குக்கு அழைத்துப் போவது எப்படி என்றால், நோய் என்று ஆரம்பிக்காமல் தூக்கம் என்று ஆரம்பியுங்கள். ‘நீ சரியாத் தூங்கறதில்ல, ஒருதடவை கேட்டுப் பாக்கலாம்’ என்பதற்கு வராதவர் குறைவு.

ஒத்துவரவில்லை என்றால்

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் நம் வழக்கம், போனை எடுக்கமாட்டோம், ஆப்பை அழித்துவிடுவோம். அதற்குப் பதிலாக ஒரு வரி அனுப்பிவிடலாம்: ‘வணக்கம், எனக்கு இது பொருந்தவில்லை என்று தோன்றுகிறது, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், இதுவரை பேசியதற்கு நன்றி.’ கடைசியாக ஒரு பேச்சு வைத்து முடித்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்கலாம், விருப்பம் இருந்தால் போங்கள், உங்களுக்கு எது உதவவில்லை என்று அவரிடமே சொன்னால் வேறு யாரிடமாவது அனுப்பி வைப்பார். மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்குகிறவர்கள் மட்டும் ஆளை மாற்றினாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, பழைய சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு புது டாக்டரிடம் காட்டுங்கள். சந்தா ஓடிக்கொண்டிருந்தால் ஆப்பை அழிப்பதற்கு முன் அதை ரத்து செய்யுங்கள், ஜிபேயிலோ போன்பேயிலோ ஆட்டோபே பகுதியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.